இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் வாசிப்புப் பகிர்வுக் கூடுகை நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புத்தகம் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் வாசிப்பது அடுத்த தெருவில் இருப்பவருக்குத் தெரியாமலே போவதுதான் குறை. அரூரில் ஓர் ஆசிரியர் நல்ல நாவல் ஒன்றைப் பாதிவரை வாசித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் இருப்பார். அதே எழுத்தாளரின் வேறு நான்கு புத்தகங்கள் பாலக்கோட்டில் ஒரு வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். இவ்விருவரையும் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் உட்காரவைத்து, கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசவைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நூல் வெளியீட்டு விழா, திறனாய்வு அரங்கம் ஆகியவற்றை எப்படி நடத்துவது என்று நம் ஊர்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை என்று அவற்றுக்கு ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. நான் சொல்லும் கூடுகையில் மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சிறப்பு விருந்தினரும் இல்லை. வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, இந்த வாரம் தாம் வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி ஆளுக்குச் சில நிமிடங்கள் பேசுவார்கள். அந்தப் புத்தகத்தை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சொல்லப்போனால், முடிக்காமல் வருவதையே நான் விரும்புவேன். முடித்துவிட்டவர் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்ல வருகிறார். நடுவில் இருப்பவருக்கு இன்னும் ஐயங்கள் இருக்கின்றன, அடுத்து என்ன வரும் என்ற ஆவல் இருக்கிறது, அந்த ஆவல் கேட்பவருக்கும் தொற்றிக்கொள்கிறது. கூடுகை பயனுள்ளதாக அமைந்ததா என்பதை யார் எவ்வளவு அழகாகப் பேசினார் என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. வீட்டுக்குத் திரும்பும்போது எத்தனை புத்தகங்கள் கைமாறின என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரே அளவுகோலை வைத்து எழுதப்பட்டவை.

முதல் படி: ஆட்களைச் சேர்த்தல்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை இருப்பது நல்லது. ஐந்துக்குக் கீழே போனால் ஒருவர் வராத மாதம் கூடுகை வெறிச்சோடிவிடும். பதினைந்தைத் தாண்டினால் எல்லோருக்கும் பேச நேரம் இருக்காது, சிலர் கேட்பவர்களாகவே தங்கிவிடுவார்கள்.

யாரை அழைப்பது என்று தேடும்போது இலக்கியம் படிப்பவர்களை மட்டும் தேடாதீர்கள். நம் பகுதியில் நூலகத்துக்கு நாள்தோறும் வருபவர்களில் பெரும்பகுதியினர் இரண்டு வகையினர்: காலையில் செய்தித்தாள் வாசிக்க வரும் ஓய்வு பெற்றவர்கள், நாள் முழுவதும் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை 'இவர்கள் கைடு மட்டுமே படிக்கிறார்கள்' என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறான கணக்கு. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் யார் என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதப் படித்த இளைஞரிடம், அந்தச் செய்தி வரும் புறநானூற்று 91ஆம் பாடலை ஒரு முறை வாசித்துக்காட்டினால், அவர் விடைக்கு அப்பால் பாடலுக்கும் வந்துசேர்வார். ஒரு நாளைக்குப் பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது வேறு யாரிடமும் எளிதில் கிடைக்காத முதல்.

ஓசூர்ப் பக்கம் தொடங்குவதாக இருந்தால் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேருந்திலும் ஓய்வு நேரத்திலும் கைப்பேசியில் மின்னூல் வாசிப்பவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்கள் வார இதழ்த் தொடர்கதைகளையும் மாத நாவல்களையும் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறார்கள். ஆனால் 'வாசகர்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளத் தயங்குகிறார்கள். அவர்களை அழைக்கும்போது 'இலக்கியக் கூட்டம்' என்ற சொல்லைத் தவிர்த்து, 'அவரவர் படிக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறோம்' என்று சொன்னால் வருவார்கள். அண்ணா, அக்கா, சார், டீச்சர் என்று ஊரில் எப்படி அழைத்துக்கொள்கிறோமோ அப்படியே கூடுகையிலும் அழைத்துக்கொள்ளலாம். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கினால் பேச்சு மேடைப் பேச்சாக மாறிவிடும்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

பொது நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என எதுவானாலும், முதலில் நூலகரைச் சந்தித்து, அங்கே வாசகர் வட்டம் செயல்படுகிறதா என்று கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் பெயரளவிலாவது இருக்கும். புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்குவதைவிட, இருப்பதற்கு உயிர் கொடுப்பது எளிது, நூலகருக்கும் அது மகிழ்ச்சியளிக்கும். பெரும்பாலான பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். நூலகத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபத்தின் ஓரம், யாரேனும் ஒருவர் வீட்டு மொட்டை மாடி என எதுவும் ஆகும். தேநீர்க் கடையை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் பத்தியை உரக்க வாசிக்கும்போது பாட்டும் பாத்திரச் சத்தமும் அதை விழுங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி பலருக்கும் வசதிப்படும். ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, தேன்கனிக்கோட்டை போன்ற இடங்களிலிருந்து வருபவர்களும், பேருந்து நிலையத்திலிருந்து மேலும் ஒரு சிற்றூருக்கு நகரப் பேருந்து பிடிக்க வேண்டியவர்களும் கடைசிப் பேருந்தை எண்ணியபடியே உட்கார்ந்திருந்தால் பேச்சில் மனம் நிற்காது. பெண்கள் தொடர்ந்து வருவதும் இந்த ஒரு விஷயத்தையே பெரிதும் பொறுத்திருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழப் பருவத்தில் தோப்பு வைத்திருப்பவர்களும் மண்டியில் வேலை செய்பவர்களும் வர இயலாது. அந்த மாதங்களில் கூடுகையை நிறுத்தாமல், வந்தவர்களை வைத்துச் சிறிதாக நடத்துங்கள்.

மூன்றாம் படி: எந்தப் புத்தகம்?

எந்தப் புத்தகமும் ஆகலாம். நாவல், கவிதை, சமையல் குறிப்பு, இயற்கை வேளாண்மை, பங்குச்சந்தை, ஆன்மிகம், சிறுவர் கதை ஆகிய எதையும் விலக்காதீர்கள். தொல்லியல் துறை வெளியிடும் அகழாய்வு நூலையும் ஒருவர் கொண்டுவரலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் பயன்பாட்டுக் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். பர்கூர்க்காரர் ஒருவர் அதைப் பற்றி வாசித்துவிட்டு வந்து, தன் ஊரிலிருந்து அந்த இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லித் தொடங்கினால், அறையில் இருப்பவர்கள் எந்த நாவலுக்கும் காட்டாத கவனத்தோடு கேட்பார்கள்.

இரண்டாம் முறை வாசிப்பதும் இப்போதைய வாசிப்பே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிறுவயதில் தாத்தா வாசித்துக்காட்டிய அந்நூலை இப்போது தானே எடுத்து வாசிக்கும் ஒருவருக்கு, முன்பு புரிந்ததற்கும் இப்போது புரிவதற்கும் இடையிலான வேறுபாடே நல்ல பேச்சுப் பொருளாகும்.

பிடிக்காமல் கீழே வைத்த புத்தகத்தையும் கொண்டுவரலாம் என்று சொல்லிவையுங்கள். எத்தனையாவது பக்கத்தில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று நேர்மையாகச் சொல்வது பயனுள்ள பகிர்வு. 'அந்த ஐம்பது பக்கத்தைத் தாண்டிவிடுங்கள், அதற்குப் பிறகுதான் கதையே தொடங்குகிறது' என்று இன்னொருவர் சொல்லி, நிறுத்திய புத்தகம் மீண்டும் கையில் எடுக்கப்படுவதுண்டு.

மொழி பற்றியும் ஒரு சொல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் நிறைய. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, வேலைக்குப் பெங்களூரு போய்க் கன்னடம் வாசிக்கப் பழகியவர் ஓசூரில் அரிதான மனிதர் அல்லர். அவர் கன்னடப் புத்தகத்தையே கொண்டுவரட்டும். தமிழில் பேசட்டும், ஒரு வரியை மட்டும் மூலத்தில் வாசித்துக்காட்டட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிய கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த மாஸ்தி வெங்கடேச அய்யங்கார், தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, கன்னடத்தில் எழுதி, 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றவர். எல்லையோரத்து வாசகர்களுக்கு இந்த மொழிக் கலப்பு ஒரு வரம். தமிழில் மட்டும் வாசிக்கும் மற்றவர்கள் அந்தப் பெயர்களைக் குறித்துவைத்து மொழிபெயர்ப்புகளைத் தேடலாம்.

நான்காம் படி: பேசுவதற்கு ஆயத்தமாதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒருவருக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் அது சொற்பொழிவு. ஐந்து நிமிடத்தில் கதைச் சுருக்கம் சொல்ல முயல்பவர்கள் எல்லோரும் தோற்பார்கள், ஏனென்றால் கதைச் சுருக்கத்தில் புத்தகம் இருப்பதில்லை. 'மிக அருமையான நூல், அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்' என்று சொல்வதும் பயன் தராது. எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் சொற்கள் எந்தப் புத்தகத்தையும் காட்டுவதில்லை. ஆகவே, வருபவர்கள் ஒரு சிறு துண்டுச்சீட்டில் நான்கு செய்திகளை மட்டும் எழுதி, புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வரட்டும்: நான் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறேன், இந்தப் புத்தகம் என் கைக்கு எப்படி வந்தது, என்னை நிறுத்திவைத்த ஓர் இடம், எனக்குத் தடையாக இருந்த ஒன்று.

இந்த நான்கில் இரண்டாவதைப் பலர் தேவையற்றது என்று நினைப்பார்கள். ஆனால் பேசக் கூச்சப்படுபவருக்கு வாய் திறக்க உதவுவது அதுதான். 'பழைய புத்தகக் கடையில் பத்து ரூபாய்க்கு எடுத்தேன்', 'என் மகள் பள்ளியில் பரிசாக வாங்கியது' என்று தொடங்கிவிட்டால் அடுத்த வாக்கியம் தானாக வரும். மூன்றாவது மிக முக்கியம். அந்த இடத்தைப் புத்தகத்திலிருந்தே உரக்க வாசிக்க வேண்டும். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். எழுத்தாளரின் மொழியைக் கேட்டவருக்குத்தான் அது தனக்கு ஏற்ற புத்தகமா என்று தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி என்பதைப் பள்ளிக் காலத்திலிருந்தே கேட்டு வளர்ந்த ஒருவர், புறநானூற்றைக் கையில் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படிப் பேசலாம்:

'புறநானூற்றை வரிசையாக வாசிக்கவில்லை. அதியமானைப் பற்றி ஔவையார் பாடியவற்றை மட்டும் தேடித்தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாதிகூட ஆகவில்லை. புத்தகம் நம் நூலகத்தில் எடுத்தது. 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்க்கிறார். அவை மயில்தோகை அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலவே எதிரியைத் தாழ்த்திவிடுகிறார். அதை வாசித்துச் சிரித்துவிட்டு 235ஆம் பாட்டுக்குப் போனால், அதியமான் இறந்துவிட்டான். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து உண்பான், அதெல்லாம் போயிற்றே என்று அழுகிறார். இரண்டையும் பாடியவர் ஒருவரே என்பதுதான் என்னை நிறுத்திவைத்தது. தடை என்னவென்றால், உரை இல்லாமல் எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. முதலில் உரையை வாசித்துவிட்டுப் பிறகு பாட்டுக்குப் போகிறேன்.'

இதைச் சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகாது. வீரம், கொடை, தமிழரின் பெருமை என்ற பெரிய சொற்கள் எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பவருக்கு எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம் என்று தெரிகிறது, உரை வேண்டும் என்று தெரிகிறது, நூலகத்தில் அந்தப் பிரதி இருக்கிறது என்றும் தெரிகிறது. இவ்வளவும் தெரிந்தவர் நாளையே போய் எடுக்கலாம்.

துப்பறியும் கதை, மர்ம நாவல் முதலியவற்றைப் பற்றிப் பேசுபவர் முடிவைச் சொல்லக் கூடாது என்பதைத் தனி விதியாகவே வையுங்கள். மற்ற நாவல்களுக்கும் கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் பேசுவதே மரியாதை.

ஐந்தாம் படி: கூடுகையை நடத்துதல்

ஒருங்கிணைப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். மாதாமாதம் அவர் மாற வேண்டும். அவருடைய வேலை மூன்று: நேரம் பார்ப்பது, ஒருவர் பேசி முடித்ததும் முதல் கேள்வியைக் கேட்பது, பேசாதவரைக் கவனித்துக்கொள்வது. நேரம் முடிந்ததைச் சொல்ல ஒரு சிறு மணி இருந்தால் யார் மனமும் புண்படாது. பேச்சில் தோய்ந்துவிட்ட பெரியவர் ஒருவரை ஓர் இளைஞர் 'போதும் சார்' என்று நிறுத்துவது நம் ஊரில் நடக்கிற காரியமில்லை. மணி அதைச் செய்துவிடும்.

ஒவ்வொருவர் பேசிய பிறகும் ஐந்து நிமிடக் கேள்வி நேரம் விடுங்கள். 'இதில் ஆசிரியர் சொல்ல வரும் கருத்து என்ன?' என்ற தேர்வுத்தாள் கேள்வியை விடுத்து, 'வேறு யாராவது இதே விஷயத்தைப் பற்றி வாசித்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். மேலே சொன்ன புறநானூற்று எடுத்துக்காட்டிலேயே இதன் பயனைக் காணலாம். வரலாற்றில் ஈடுபாடுள்ள ஒருவர், தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறைதான் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தின் தலைவன், அவனைப் பாடியவர் அரிசில் கிழார் என்று எடுத்துக்கொடுப்பார். அதுவரை அதியமானின் பக்கம் நின்று கேட்டவர்களுக்கு, வென்றவனின் பக்கத்திலிருந்து அதே போரைப் பாடிய கவிதையும் இருக்கிறது என்று தெரியவரும். இன்னொருவர் அந்தப் போரைப் பற்றிய 'தகடூர் யாத்திரை' என்ற நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன என்பார். ஒரு புத்தகத்தைப் பற்றிய பேச்சு மூன்று நூல்களுக்கு வழிகாட்டிவிட்டது. இத்தகைய இணைப்புகள் தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு அமைவது அரிது. நாம் பேருந்து ஏறிக் கூடுகைக்கு வருவதே இதற்காகத்தான்.

கருத்து வேறுபாடு வரும், வரவும் வேண்டும். சாதி, மதம், கட்சி ஆகியவற்றைத் தொடும் புத்தகங்களை விலக்கினால் தமிழில் எழுதப்பட்ட நல்ல நூல்களில் பெரும்பகுதியை விலக்க வேண்டியிருக்கும். ஆகவே தலைப்பைத் தடுக்காதீர்கள். பேச்சு புத்தகத்தை விட்டு வெளியே போகும்போது மட்டும் தடுங்கள். 'அது எந்தப் பக்கத்தில் வருகிறது?' என்று ஒருங்கிணைப்பவர் அமைதியாகக் கேட்டால் போதும். வாசித்தவர் பக்கத்தைப் புரட்டுவார், வாசிக்காதவர் சற்று அடங்குவார்.

முதல் இரண்டு கூடுகைகளில் வாய் திறக்காதவரை வற்புறுத்த வேண்டாம். மூன்றாவது முறை புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொன்னதும் யாராவது ஒருவர் 'அதை நானும் வாசித்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் மீதிப் பேச்சு தானாக நடக்கும்.

ஆறாம் படி: புத்தகம் கைமாறுதல்

சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. கூடுகையின் கடைசி இருபது நிமிடத்தை இந்த விதிக்கு ஒதுக்குங்கள். கொண்டுவந்த புத்தகங்களை எல்லாம் ஒரு மேசையில் பரப்புங்கள். யாருக்கு எது வேண்டும் என்று எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும்.

இரவல் கொடுப்பதற்கு ஒரு நோட்டு கட்டாயம் வேண்டும். நண்பர்களுக்குள் என்ன கணக்கு என்று கூச்சப்படுபவர்கள்தாம் இறுதியில் புத்தகத்தையும் நண்பரையும் சேர்த்து இழப்பார்கள். புத்தகத்தின் பெயர், உரிமையாளர், வாங்கியவர், வாங்கிய நாள், திருப்பித் தர வேண்டிய நாள் என்று ஐந்து பத்திகள் போதும். தவணை இரண்டு கூடுகைகள், அதாவது இரண்டு மாதம். தடித்த புத்தகத்துக்கு மூன்று மாதம்கூடத் தரலாம். முன்பக்கத்தில் உரிமையாளர் பெயரைப் பேனாவால் எழுதாமல், ஒட்டாத துண்டுத்தாளில் எழுதி வைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. துண்டுத்தாள் முதல் பயணத்திலேயே விழுந்துவிடும்.

பொது நூலகத்தில் எடுத்த புத்தகத்தை மட்டும் கைமாற்றக் கூடாது. அது உங்கள் உறுப்பினர் கணக்கில் இருக்கிறது, தொலைந்தால் பொறுப்பும் உங்களுடையது. நூலகப் புத்தகத்தை விரும்புபவர், அடுத்த நாள் நூலகத்தில் நேரில் போய், நீங்கள் திருப்பிய பிறகு தன் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். உறுப்பினர் அல்லாதவர்களைக் கூடுகையின்போதே உறுப்பினராக்கிவிட்டால் நூலகருக்கும் உங்கள் மேல் நன்மதிப்பு உண்டாகும்.

கைப்பேசியில் பிடிஎஃப் அனுப்புவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இப்போது 'நல்ல புத்தகம்' என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் அதன் நகலைக் குழுவில் போட்டுவிடுகிறார். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957இன்படி, எழுத்தாளர் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் காப்புரிமை நிலைக்கும். அதற்கு உட்பட்ட நூலின் நகலைப் பரப்புவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, குறைந்த பிரதிகளே விற்கும் தமிழ்ப் பதிப்புச் சூழலில் அது எழுத்தாளரையும் பதிப்பாளரையும் நேரடியாகப் பாதிக்கிறது. தடையின்றிப் பகிரக்கூடியவையும் ஏராளமாக உள்ளன. பாரதியாரின் படைப்புகள் 1949இல் அரசுடைமையாக்கப்பட்டன. அதன் பிறகு தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளுக்கும், அவர் 1894இல் வெளியிட்ட புறநானூறு உட்பட, காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும் இத்தகைய நூல்களைக் கட்டணமின்றி வாசிக்கலாம். குழுவில் கோப்பைப் போடுவதற்குப் பதிலாக அந்தத் தளங்களின் இணைப்பைப் போடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

ஏழாம் படி: கூடுகைகளுக்கு இடைப்பட்ட நாட்கள்

வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும். அதைத் தவிர்க்க இயலாது. காலை வணக்கம், திருமண அழைப்பு, அரசியல் காணொளி ஆகியவை வரக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறை, விருப்பமுள்ளவர்கள் தாம் வாசிக்கும் பக்கத்தின் படத்தையும் இரண்டு வரிகளையும் இட்டால் போதுமானது. முழு நீள விமர்சனம் குழுவில் எழுதப்பட்டுவிட்டால் நேரில் பேச ஒன்றும் மிஞ்சாது.

எட்டாம் படி: சிறுவர்களைச் சேர்த்தல்

பெற்றோருடன் வரும் பிள்ளைகளை மூலையில் உட்காரவைத்துக் கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் வழியாக நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சிறு கதைப் புத்தகங்கள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிள்ளை கொண்டுவந்து வாசிக்கட்டும், பெரியவர்களுக்குள்ள அதே மணி, அதே ஐந்து நிமிடம் அவருக்கும் பொருந்தட்டும். பிள்ளை பேசி முடித்ததும் கைதட்டிப் பாராட்டுவதோடு நிறுத்தாமல் உண்மையான கேள்வி ஒன்றைக் கேளுங்கள். கைதட்டலில் மகிழ்ந்த பிள்ளை அடுத்த முறை மனப்பாடம் செய்துகொண்டு வரும். கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை வாசித்துவிட்டு வரும்.

ஒன்பதாம் படி: புத்தகத் திருவிழாவைப் பயன்படுத்துதல்

மாவட்டத் தலைநகரிலோ ஓசூரிலோ புத்தகத் திருவிழா நடக்கும் மாதத்தில் கூடுகையைத் தனியே நடத்த வேண்டாம். எல்லோரும் சேர்ந்து திருவிழாவுக்குப் போங்கள். போவதற்கு முன் இரவல் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், எந்தப் புத்தகத்துக்கு அதிகம் பேர் காத்திருந்தார்கள் என்பது தெரியும். அதையே பொதுப் பணத்தில் வாங்கலாம். ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய் சேர்த்து வந்தால், பத்துப் பேர் கொண்ட குழுவிடம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் இருக்கும். அதில் தேநீர்ச் செலவு போக மீதியில் கணிசமான புத்தகங்கள் வாங்கலாம். அரங்கில் வாங்கும்போது ஒருவருக்கொருவர் ஆலோசித்து, ஒரே புத்தகத்தை நான்கு பேர் வாங்காமல் நான்கு வெவ்வேறு புத்தகங்களை வாங்கினால், அடுத்த நான்கு மாதத்துக்கான பேச்சுப் பொருள் கையில் இருக்கும்.

பத்தாம் படி: சோர்வு வரும்போது

ஆறு மாதம் கடந்ததும் வருகை குறையும். எல்லாக் குழுவுக்கும் அது நேர்கிறது. அப்போது பெரிய எழுத்தாளர் ஒருவரை அழைத்துக் கூட்டம் சேர்க்கலாம் என்ற யோசனை யாரிடமிருந்தாவது வரும். ஒரு நாள் கூட்டம் சேரும். அடுத்த மாதம் அதைவிடக் குறைவானவர்களே வருவார்கள், ஏனென்றால் வந்தவர்கள் எழுத்தாளரைப் பார்க்க வந்தவர்கள். அதைவிட, வராதவர்களின் வீட்டுக்கு ஒருவர் போய், இரவல் வாங்கிய புத்தகம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்பது நல்ல பலன் தரும். பெரும்பாலும் அவர்கள் வராததற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல. அந்த மாதம் எதையும் வாசிக்கவில்லை, வெறுங்கையோடு எப்படி வருவது என்ற தயக்கமே. 'வாசிக்காமலும் வரலாம், கேட்டுவிட்டு ஒரு புத்தகத்தோடு போகலாம்' என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஊர் தொலைவும் ஒரு காரணம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து அரூர் சுமார் 40 கிலோமீட்டர். தொலைவிலிருந்து வருபவர்கள் மூன்று நான்கு பேர் ஆகிவிட்டால், அவர்களை அவர்கள் ஊரிலேயே தனிக் குழுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு குழுக்களும் ஆண்டுக்கு இருமுறை சந்தித்து, அவரவர் இரவல் நோட்டை எதிர்த்தரப்புக்குக் காட்டினால், ஒரு குழுவில் ஏழு பேர் வாசித்த புத்தகம் இன்னொரு குழுவில் பெயர்கூடக் கேள்விப்படாததாக இருப்பது தெரியவரும். அந்தப் புத்தகத்தை அன்றே அனுப்பிவையுங்கள், நோட்டில் எழுதிவிட்டு.